வளைமூக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

தனசீலனுக்குப் பயமில்லாத இடம் பம்பாயில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாட்டுங்காவில் எங்கள் ஸ்டுடியோவின் மாடிப்படிக்குக் கீழே அவர் படம் கழுவும் டார்க் ரூம். மற்ற எல்லா இடத்திலும் அவர் பயந்தார். ரயிலில் கதவுப் பக்கம் நிற்க மாட்டார். சட்டைப் பையில் டிக்கெட் இருந்தாலும் பரிசோதகரைக் கண்டால் வியர்த்துவிடும். முதலாளி பிரம்மநாயகம் பிள்ளை தும்மினால்கூட எழுந்து நிற்பார். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகாவிட்டால் அடுத்த மூன்று ஞாயிறும் பாதிரியார் கண்ணில் படாமல் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்வார்.

நான் அந்த ஸ்டுடியோவில் படங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவள். பெயர் ஷ்யாமளா. கறுப்பு வெள்ளைக் கல்யாணப் பெண்ணுக்குப் புடவையில் சிவப்பும் உதட்டில் ரோஜா நிறமும் ஏற்றித் தருவேன். என் மேஜை டார்க் ரூம் கதவை ஒட்டி இருந்ததால் ஒன்பது வருஷம் அந்த மனிதரைக் கிண்டல் செய்துகொண்டேதான் வேலை பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பயம் என்றால் என்னவென்று தெரியாதவள் என்ற நினைப்பும் அப்போது இருந்தது.

இந்தத் தனசீலன்தான் மாதத்தில் இரண்டு ஞாயிறு மாஹுல் கழிமுகச் சேற்றில் உட்கார்ந்து பறவைகளைப் படம் பிடித்தார் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. அறுபத்தொன்றில் ஒரு மீனவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பிள்ளை அவரை மாஹுலுக்கு அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமாகி, இவர் கரையில் போய் நின்றிருக்கிறார். ஒல்லிக் காலும் நீள மூக்குமாக நூற்றுக்கணக்கான உள்ளான்கள் சேற்றில் ஓடி ஓடி மேய்ந்ததைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"அதுகளும் பயந்தாங்கொள்ளிதாம்மா. தண்ணி வந்தா ஓடும், நெழலு விழுந்தா ஓடும். ஆனா திரும்பி வந்துரும். வயிறு நெறையாம போவாது. பயந்துக்கிட்டே மேயும்."

"அப்போ உங்களுக்குச் சொந்தக்காரான்னு சொல்லுங்கோ" என்றேன். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரிடம் இருந்தது தூரத்தை இழுத்துக் காட்டும் கேமரா இல்லை. மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த ஸ்டுடியோ கேமரா. முப்பது அடி தள்ளி நின்று எடுத்தால் பறவை கடுகு மாதிரி விழும். பக்கத்தில் போனால் பறந்துவிடும். அதனால் அவர் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் மாஹுலில் காலையில் கடல் வெகுதூரம் வற்றும். அப்போதே ஒரு பலகையுடன் சேற்றுக்குள் போய், கரைப் பக்கத்து மேட்டில் பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சேறு பூசிய சாக்கைத் தலையோடு போர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு அசையக் கூடாது. கடல் ஏற ஏற, அதன் விளிம்பில் மேயும் பறவைகள் பின்வாங்கிப் பின்வாங்கி முழங்கால் அருகே வந்துவிடும். பறவையைத் தேடிப் போக வேண்டாம், கடலே கொண்டுவந்து கொடுக்கும் என்பார்.

இதில் ஆபத்தும் உண்டு. நாம் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஓடை நிரம்பி, கரைக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அபுதாஹிர். மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் தனசீலனின் பக்கத்து வீடு, தோல் கிடங்கில் தோலுக்கு உப்புப் போடும் வேலை. ஆறடி உயரம். தெருமுனையில் பேசினால் ரயில் லைன் வரை கேட்கும் குரல். ஆனால் சேற்றில் உட்கார்ந்துவிட்டால் அவர் இருப்பதே தெரியாதாம்.

இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கியதிலிருந்து பறவைகள் தாமாக எழும்பும் வரை பேச்சு கிடையாது. தனசீலன் அந்த இரட்டைக் கண் கேமராவைக் குனிந்துதான் பார்க்க முடியும். எதிரே வருவது தாஹிருக்குத்தான் தெரியும். அதனால் தாஹிர் அவருடைய தோளை ஒருமுறை அமுக்கினால் அசையாமல் இரு என்று அர்த்தம். இரண்டு முறை அமுக்கினால் எடு என்று அர்த்தம். திரும்பும்போது தாஹிர் கேமராவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடப்பார். தனசீலன் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கடப்பார்.

கேமரா ஸ்டுடியோவுடையது. ரிப்பேர் என்று பிள்ளை அலமாரியில் போட்டுவைத்ததை இவர் சரிசெய்து, சனிக்கிழமை மாலை வீட்டுக்கு எடுத்துப் போய்த் திங்கட்கிழமை காலை அதே இடத்தில் வைத்துவிடுவார். காலாவதியான ஃபிலிம் சுருள்தான் போடுவார். இது எனக்கு மட்டும் தெரியும். பிள்ளைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நடுங்கிக்கொண்டே அலமாரியைத் திறப்பார்.

நாலு வருஷத்தில் பெட்டி நிறையப் படம் சேர்த்துவிட்டார். ஒரு பறவை மட்டும் சிக்கவில்லை. கோழி அளவு, கீழ்நோக்கி அரிவாள் போல வளைந்த நீள மூக்கு. பேர் தெரியாததால் வளைமூக்கு என்று அவரே பேர் வைத்துக்கொண்டார். செப்டம்பரில் வடக்கேயிருந்து வரும். எல்லாப் பறவையிலும் அதற்குத்தான் பயம் அதிகம். எது வந்தாலும் முதலில் கத்திக்கொண்டு பறப்பது அதுதானாம்.

அறுபத்தைந்து செப்டம்பரில் சண்டை வந்தது. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். ஊரையே டார்க் ரூம் ஆக்கிவிட்டார்கள், உங்களுக்குக் கொண்டாட்டம்தான் என்று தனசீலனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உளவாளி இங்கே பிடிபட்டான், அங்கே இறங்கினான் என்று பால் பூத்திலிருந்து ஸ்டேஷன் வரை ஒரே பேச்சு. மாஹுல் கரையில் எண்ணெய் டாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பக்கம் கேமராவோடு தலை காட்டாதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போவதாகவே இல்லை என்று அவரே மூன்று தடவை சொன்னார்.

சனிக்கிழமை மாலை அலமாரியைப் பார்த்தேன். கேமரா இல்லை. தாஹிர் சொன்ன ஒரு வார்த்தையில் மனிதர் சரிந்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

"வளைமூக்கு வந்துட்டுவே. கிடங்குக்கு மேல கத்திக்கிட்டுப் போச்சு, என் காதால கேட்டேன்."

அந்த ஞாயிறு பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். இருட்டு பிரியும் முன்பே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பதினொரு படம் எடுத்தாகிவிட்டது. சுருளில் மிச்சம் ஒன்று. அப்போது தாஹிர் தோளை ஒருமுறை அமுக்கினார். அமுக்கிய கையை எடுக்கவில்லை. சாக்குக்குள் தனசீலனுக்கு மூச்சு முட்டியது. பின்னால் ஓடையில் தண்ணீர் சலசலப்பது கேட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்ததாம். பிறகு தாஹிரின் கை இரண்டு முறை அமுக்கியது. பத்தடி தூரத்தில் வளைமூக்கு நின்றது, மூக்கில் ஒரு நண்டோடு.

எடுத்த பிறகுதான் கேமராவின் கண்ணாடியில் மற்றதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பறவைக்குப் பின்னால், கரை வளையும் இடத்தில், வெயிலில் பளிச்சென்று, ஐந்து எண்ணெய் டாங்கிகள்.

எடுத்த சுருளை ஒட்டி ஓர் அலுமினிய டப்பாவில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கேமராவில் புதுச் சுருளைப் போட்டுத் தாஹிரிடம் கொடுத்தார். வழக்கம்போல் தாஹிர் கேமராவோடும் இவர் பலகையோடும் ஓடையைக் கடந்து கரை ஏறினார்கள். கரையில் இரண்டு போலீஸ்காரர்கள் தடியோடு நின்றார்கள்.

போலீஸ் சௌக்கியில் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் கேமராவை வைத்து, "யே கேமரா கிஸ்கா ஹை?" என்று, கேமரா யாருடையது எனக் கேட்டார். ஸ்டுடியோ கேமரா என்று சொன்னால் போலீஸ் பிள்ளையிடம் போகும். தனசீலன் தாஹிர் பக்கம் திரும்பினார். தாஹிர் அவர் முகத்தைப் பார்த்தார். சட்டென்று, கேமரா என்னுடையது, இந்த ஆள் பலகை பிடிக்க வந்தவன் என்று இந்தியில் சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டே தனசீலனின் தோளை ஒருமுறை அமுக்கினார்.

அவர் நினைத்தது, நாலு திட்டுத் திட்டி அனுப்பிவிடுவார்கள் என்றுதான். அந்த வாரத்தில் தன் பேருக்கு என்ன கனம் என்று அந்த ஆறடி மனிதருக்குத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் பேர் கேட்டார். அபுதாஹிர் என்றதும் அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். பிறகு தனசீலனிடம் பேர் கேட்டார். என்ன மதம் என்றும் கேட்டார். கேட்டுவிட்டு வாசலைக் காட்டி, "நிகல் ஜா" என்றார்.

இவர் வந்துவிட்டார்.

இதையெல்லாம் திங்கட்கிழமை டார்க் ரூமுக்குள் விளக்கை அணைத்துவிட்டு என்னிடம் சொன்னார். வெளிச்சத்தில் சொல்ல முடியவில்லை. நான் சும்மா இருக்கிறவளா?

"வாயைத் திறந்து கேமரா என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தோள அமுக்கினாரும்மா. நான் இருந்துட்டேன்."

"அது பட்சிக்கு, தனசீலன். போலீசுக்கு இல்லை."

இருட்டில் அவர் அழுவது கேட்டது. எனக்குக் கோபம் குறையவில்லை. கோபத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. தாஹிருக்கு மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தனசீலன் வரும்போது முகம் வெளுத்திருந்தது. தாஹிரின் மனைவி சௌக்கிக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள். உள்ளே விடவில்லை. நாளைக் காலையில் அவரைப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கே போனால் எப்போது திரும்பி வருவார் என்று தெரியாது என்று ஒரு போலீஸ்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் தனசீலனிடம் ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றார்.

"அந்தச் சுருளைக் கழுவி, பிரிண்ட் போட்டு எடுத்துண்டு போங்கோ. பறவைதான் எடுத்தோம்னு கண்ணாலே பார்த்தா விடுவா" என்றேன்.

"பன்னெண்டாவது இருக்கேம்மா. டாங்கி."

"அதை மட்டும் வெட்டி எறியுங்கோ."

"ஃபிலிம் ஓரத்துல வரிசையா நம்பர் இருக்கும். ஒண்ணு கொறஞ்சா அதத்தான் மொதல்ல கேப்பாங்க."

ஆக, எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் ஒன்றையும் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் கேமராவும் தன்னது, டாங்கியை எடுத்ததும் தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் டப்பாவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இடது தட்டில் டெவலப்பர், நடுவில் தண்ணீர், வலது தட்டில் ஹைப்போ. ஃபிலிமின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு டெவலப்பரில் ஏற்றி இறக்கினால் படம் வரும். வந்ததை ஹைப்போ நிற்க வைக்கும். படம் வருவதற்கு முன்பே ஹைப்போவில் போட்டுவிட்டால் எல்லாம் கரைந்து வெறும் கண்ணாடி போல் ஆகிவிடும். தட்டில் தண்ணீர் அலம்பும் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை. கதவைத் தட்டவும் முடியாது, உள்ளே வெளிச்சம் புகுந்துவிடுமோ என்று பயம்.

பிறகு சத்தம் கேட்டது. அது எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எப்படித் தெரியும்?

அரைமணி கழித்து வெளியே வந்தார். கையில் ஈரமான ஃபிலிம் தொங்கியது. பன்னிரண்டு கட்டத்திலும் படம் இருந்தது.

"கை ஹைப்போப் பக்கம் போயிட்டும்மா" என்றார். "ரெண்டு தடவ போச்சு. ஒண்ணுமே இல்லன்னு ஆக்கிட்டா நான் பொழச்சுக்கிடுவேன்லா. அப்புறம் டப்பாவ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கை அந்தப் பக்கம் போவாம நின்னேன்."

மத்தியானத்துக்குள் பன்னிரண்டு பிரிண்டும் காய்ந்தன. பிள்ளை சாப்பிடப் போயிருந்தார். கேமரா தாஹிருடையது இல்லை என்று காட்ட, ஸ்டுடியோ பேர் பொறித்த அதன் தோல் உறையையும் எடுத்துக்கொண்டோம். நானும் கூடப் போனேன். எனக்கு மராட்டி நன்றாக வரும், நான் பேசுகிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். செம்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் அவர் இரண்டு தடவை சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தார். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன். கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

சௌக்கி வாசலுக்கு வந்தோம். உள்ளே யாரோ அடிவாங்கும் சத்தம் கேட்டது. பயமே தெரியாத ஷ்யாமளா படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். இதை எழுத எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தனசீலன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இங்கேயே நில்லுங்கள் என்பது போல் கையைக் காட்டிவிட்டு, நடுங்கிக்கொண்டே மூன்று படியும் ஏறிப் போனார்.

திறந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. "சாப், கேமரா மேரா. ஃபோட்டோ மைனே நிகாலா" என்றார், கேமராவும் தன்னது, படம் எடுத்ததும் தான் என்று. குரல் கிரீச்சிட்டது. படங்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். உள்ளானைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சிரித்தார். அடுத்ததைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பதினொன்று வரை அந்த மேஜையில் ஒரே சிரிப்பு. பன்னிரண்டாவதை வைத்ததும் நின்றுவிட்டது.

"யே பீ தூ நே?" இதையும் நீதான் எடுத்தாயா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஜீ, சாப். யே பீ."

தாஹிரைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. பொய் சொன்னதற்காக எதிரிலேயே ஓர் அறை விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. தனசீலனைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபம் வாசல் வரை கேட்டது.

"ஏம்வே வந்தீரு? நாந்தான் அமுக்கினேன்லா?"

"அமுக்கினீரு பாய். ரெண்டு நாளு இருந்தேன். அதுக்கு மேல முடியல."

தாஹிரை வெளியே தள்ளினார்கள். அவர் இருந்த அறைக்குள் தனசீலனைத் தள்ளினார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாஹிர் படியில் உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்றார். பெண் பிள்ளைகள் காத்திருக்கின்றன என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பது நாள். சண்டை நின்ற மறுநாள்தான் தனசீலனை விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளை தும்மினால் எழுந்து நிற்பது மட்டும் இல்லை, கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து நிற்பார். பிள்ளை இரண்டு நாள் கத்தினார். உன்னை வேலையை விட்டு எடுத்தாயிற்று என்றார். தனசீலன் இல்லாத நாட்களில் கழுவிய நாலு கல்யாணப் படங்கள் கறை பட்டுப் போயிருந்ததால், மூன்றாம் நாள் பிள்ளையே டார்க் ரூம் சாவியை எடுத்து நீட்டினார். கேமரா திரும்பி வரவில்லை. ஃபிலிமும் வரவில்லை. நாலு வருஷம் காத்திருந்து எடுத்த வளைமூக்கு ஏதோ ஒரு ஃபைலுக்குள் போய்விட்டது.

விடுதலைக்குப் பிறகு வந்த ஞாயிறு, அமாவாசைக்கு மறுநாள். மறுநாள் திங்கட்கிழமை தனசீலன் வேலைக்கு வந்தபோது நகக்கண்ணில் சேறு இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மறுபடியும் போனேளா?"

"தாஹிர் பாய் பலகையத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னாரு. வரமாட்டேன்னுதான் சொன்னேன். அவரும் போகல. அப்புறம் போனோம்."

"கரையிலே போலீஸ் இல்லையா?"

"இருந்தாங்க. எங்களப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஒடம்பு நடுங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. தண்ணி ஏறுற வரைக்கும் நிக்கல."

சாக்கைப் போர்த்திக்கொண்டு வழக்கம்போல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்களாம். குனிந்து பார்க்கக் கேமரா இல்லாததால் தனசீலன் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கடல் ஏறியது. உள்ளான் வந்தது. அப்புறம் வளைமூக்கும் வந்தது. தாஹிர் தோளை ஒருமுறை அமுக்கினார். ரொம்ப நேரம் கழித்து இரண்டு முறை அமுக்கினார்.

"கையிலேதான் ஒண்ணும் இல்லையே. என்ன பண்ணினேள்?" என்றேன்.

"பாத்தேன்மா" என்றார் தனசீலன். சொல்லிவிட்டு டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.